சேலைக் கடை வீடியோவும் புத்தகக் கடைப் பதிவும்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுல சாயங்காலம் நடந்து போனா ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். பட்டுக் கடைக்குள்ளே ஒரு பொண்ணு செல்போன் ஸ்டாண்டுக்கு முன்னாடி நின்று, முந்தானையை விரித்துப் பிடித்து, "இது கோர்வை பார்டர், ஒரே பீஸ்தான் இருக்கு, வேணும்னா ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க" என்று பேசிக்கொண்டிருப்பார். எங்கேயோ துபாயிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் ஒருவர் அதை வாங்கிவிடுவார்.

வீடியோவுக்கு முன்னாடி இதையே போட்டோவில் செய்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் நான் ஒரு தப்பான முடிவுக்கு வந்தேன். சேலைக்கு வேலை செய்யுதுன்னா புத்தகத்துக்கும் செய்யணும்தானே?

2013-ல் ஊரில் சின்னதாகப் புத்தகக் கடை வைத்திருந்த நண்பர் ஒருவருக்கு (என்னைவிடப் பத்து வயசு பெரியவர், அண்ணன்னுதான் கூப்பிடுவேன்) ஃபேஸ்புக் பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தவன் நான். வாரம் நாலு அட்டைப்படம், விலை, போன் நம்பர். முதல் ஆறு மாசம் ஜோராகப் போச்சு. அப்புறம் ஒருநாள் அண்ணன் கேட்டார்: "என்னப்பா, முந்நூறு பேரு கட்டைவிரலைத் தூக்கிட்டாங்க, ஒருத்தர்கூடக் கடைப் பக்கம் வரலியே?" அப்போது என்னிடம் பதில் இல்லை. கடையை 2019-ல் மூடிவிட்டார். அது என் பக்கத்தால் மட்டும் நடந்ததில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி மனசுல உட்கார்ந்துக்கிச்சு. இந்தக் குறிப்பு அதற்காகத்தான்.

முதலில் சேலையும் புத்தகமும் எங்கே வேறுபடுதுன்னு பார்ப்போம். ஒவ்வொரு பட்டுச் சேலையும் கிட்டத்தட்ட தனிப்பீஸ். வீடியோவில் காட்டியதைக் காட்டியவரிடம்தான் வாங்க முடியும். புதுப் புத்தகம் அப்படியில்லை. ஒரே ஐஎஸ்பிஎன் எண், ஒரே அட்டை, எங்கே வாங்கினாலும் அதே பக்கங்கள். கடைக்காரர் ஒரு நல்ல நூலைப் பற்றி மெனக்கெட்டு எழுதினால், படித்தவர் அடுத்த நிமிஷம் அமேசானில் விலை பார்ப்பார். நானும் பார்த்திருக்கிறேன், பொய் சொல்வானேன். விளம்பரச் செலவு கடைக்கு, வியாபாரம் வேறு ஒருத்தருக்கு.

இதில் கணக்கும் இடிக்கும். பதிப்பாளர் கடைக்குத் தரும் கழிவு 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 300 ரூபாய் புத்தகத்தில் கடைக்கு 105 ரூபாய். சென்னைப் புத்தகக் காட்சிப் பழக்கத்தில் வாசகர் 10 சதவீதம் எதிர்பார்ப்பார், 30 போச்சு. கூரியருக்கு 50 என்றால் மீதி 25. அதில் வாடகை, கரண்ட், ஆள் கூலி. விலையை வைத்துப் பதிவு போடும் எந்தச் சின்னக் கடையும் தாக்குப்பிடிக்காது என்பது இங்கேயே தெரிஞ்சுடும்.

விதிவிலக்கு, பழைய புத்தகம். இன்ஸ்டாகிராமில் பழைய புத்தகம் விற்பவர்களைப் பாருங்கள். அப்படியே சேலைக் கடை பாணிதான்: ஒரே பிரதி, முதலில் கமெண்ட் போட்டவருக்கு. 2020 ஜனவரியில் இங்கிலாந்தில் பீட்டர்ஸ்ஃபீல்ட் புக்‌ஷாப் என்ற பழைய புத்தகக் கடை, அன்றைக்கு ஒரு புத்தகம்கூட விற்கவில்லை என்று ட்விட்டரில் எழுதியது. எழுத்தாளர் நீல் கெய்மன் அதைப் பகிர, ஆர்டர்கள் வந்து குவிந்தன. அதே வருஷம் அக்டோபரில், 1927-ல் தொடங்கிய நியூயார்க் ஸ்ட்ராண்ட் கடையும் வருமானம் கிட்டத்தட்ட 70 சதவீதம் விழுந்துவிட்டது என்று உதவி கேட்டது. ஒரு வார இறுதியில் சுமார் 25,000 ஆர்டர். இந்த இரண்டு கதையையும் பார்த்துவிட்டு "நாமும் இப்படி எழுதினா என்ன?" என்று தோன்றும். ஒரு தடவைதான் எழுத முடியும். ரெண்டாவது தடவை அழுதா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

அடுத்தது இயந்திரத்தின் பங்கு. அண்ணன் கேள்விக்கான பாதி விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கத்தை 3,000 பேர் பின்தொடர்ந்தால் பதிவு 3,000 பேருக்கும் போகும் என்று நாங்கள் நம்பினோம். ஒகில்வி விளம்பர நிறுவனம் 2014-ல் வெளியிட்ட ஆய்வின்படி, காசு கட்டாமல் போடும் ஃபேஸ்புக் பதிவு 2013 அக்டோபரில் பின்தொடர்வோரில் சுமார் 12 சதவீதத்தைச் சென்றடைந்தது. 2014 பிப்ரவரியில் சுமார் 6 சதவீதத்தை. நாலே மாசத்தில் பாதி. 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று ஃபேஸ்புக் அறிவித்ததும், கடைகளின் பக்கங்கள் இன்னும் பின்னுக்குப் போயின. பக்கம் நம்முடையது மாதிரி தெரிஞ்சாலும், யார் கண்ணுக்குக் காட்டுவது என்பது அவர்கள் கையில்.

வாட்ஸ்அப்பில் வேறு மாதிரிச் சிக்கல், ஆனால் எனக்கு அது பிடித்திருக்கிறது. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்கலாம். அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாடு இது, கண்டவர்கள் கண்டவர்களுக்கு அனுப்பாமல் இருக்க. ஒருத்தர் உங்கள் கடை நம்பரைப் பெயர் போட்டுச் சேமித்திருக்கிறார் என்றால் அவர் ஏற்கெனவே பாதி வாடிக்கையாளர். முந்நூறு கட்டைவிரலைவிட அந்த 256 பேர் பெரிசு. 2023-ல் வந்த வாட்ஸ்அப் சேனலில் எண்ணிக்கை வரம்பு இல்லை, ஆனால் வந்த புதிதில் படிப்பவர் திருப்பி எழுதவும் முடியவில்லை. கடைக்கு வேண்டியதே அந்தத் திருப்பி எழுதுவதுதான்.

சென்னையில் இதைச் சரியாகப் பிடித்தவர்களாக எனக்குத் தோன்றுவது இரண்டு கடைகள்: கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூர் பனுவல். இவர்கள் பதிவுகளில் புத்தக அட்டைகள் இருக்கும்தான். ஆனால் என்னைப் பஸ் ஏற வைத்தவை அழைப்பிதழ்கள். இந்த ஞாயிறு இந்த நூல் வெளியீடு, இந்தத் தலைப்பில் பேச்சு, வாங்க. பனுவலில் வரலாறு, தொல்லியல் பேச்சுகளும் மரபு நடைகளும் நடந்திருக்கின்றன. கல்வெட்டுப் பைத்தியம் பிடித்த என் போன்றவர்களுக்கு அதுவே போதும். போனால் சும்மா திரும்ப முடியாது. பையில் ரெண்டு புத்தகமாவது ஏறிடும். கூட்டத்தையும், பக்கத்து நாற்காலிக்காரரோடு போடும் சண்டையையும் அமேசானில் விலை பார்க்க முடியாது. தனிப்பீஸ் என்று சொன்னேனே, புதுப் புத்தகக் கடையிடம் இருக்கும் தனிப்பீஸ் இதுதான்.

எங்க ஊருக்கு இது புதுசும் இல்லை. 1942-ல் அண்ணா இங்கிருந்துதான் 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். 1955 முதல் அதில் 'தம்பிக்கு' என்று விளித்துக் கடிதங்கள் எழுதினார். அரசியலை ஓரமாக வைத்துவிட்டு, செய்தி போன வழியை மட்டும் பாருங்கள். வாங்கியவர் ஒருத்தர், டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் படிப்பகத்திலும் உரக்கப் படிக்கக் கேட்டவர்கள் பல பேர். ஒரு பிரதி எத்தனை பேரைச் சேரணும்னு முடிவு பண்ணது அந்தக் கடைகளில் உட்கார்ந்திருந்த ஜனங்கள். விளிப்பும் ஒரு ஆளைப் பார்த்துப் பேசுவது மாதிரி. 'அன்பார்ந்த வாடிக்கையாளர்களே' என்று ஆரம்பிக்கும் கடைப் பதிவுகளை அதோடு வைத்துப் பாருங்கள்.

போன மாசம் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். வெத்தலையை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்ப கடையில சாயங்காலம் நாலு பேரு உட்கார்ந்து பேசிட்டிருப்பாங்களே, அதைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கணும்ங்கிற" என்றார். ஆமாம்ணே என்றேன். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தன். அட்டைப்படம் எடுக்க இடைஞ்சலா இருக்குன்னு அவங்களைத் தள்ளி உட்காரச் சொன்னவனும் நான்தான்.