மலையருவியும் காமிராவும்

கல்வராயன் மலையின் மேகம், பெரியார் அருவிகளைப் படம் பிடிக்கச் செல்லும் அன்பர்களுக்கு நாம் ஒன்று கூற விரும்புகிறோம்.

அமெரிக்காவின் அரிஸோனாப் பாலையில், மணற்பாறையை வெள்ளம் அறுத்து உண்டாக்கிய ஆண்டிலோப் என்னும் குறுகிய பள்ளத்தாக்கு இருக்கிறது. சுவர்களில் படியும் ஒளியைப் படமெடுக்கப் பலரும் செல்வர். 1997 ஆகஸ்டு 12-ந் தேதி, பல மைல்களுக்கப்பால் பெய்த மழை அதனுள் வெள்ளமாய்ப் பாய்ந்து 11 பேரைக் கொண்டுபோயிற்று. இப்போது வழிகாட்டியின்றி எவரும் அங்கே செல்லலாகாது.

நமது மலை கடினமான கரும்பாறை. எனினும் நீரின் சுபாவம் ஒன்றே. கள்ளக்குறிச்சியில் வெயில் காயும்போதே மலைமேல் மழை கொட்டக்கூடும். ஆதலின், மேலே மழையுண்டா என்று மலைவாசிகளை விசாரித்த பின்னரே ஓடையில் இறங்குங்கள். தண்ணீர் கலங்கி வரக் கண்டால், படத்தை மறந்து உடனே மேடேறுங்கள்.