ஆசிரியர் எழுதிக் கொடுக்கும் சாசனம்

ஆராய்ச்சிக் கட்டுரை பிரசுரத்துக்கு ஏற்கப்பட்டது என்ற கடிதம் வந்த சந்தோஷத்தில், அதன் பின்னாலேயே வரும் பதிப்புரிமை மாற்றப் பத்திரத்தை எழுத்தெண்ணிப் படித்துக் கையொப்பமிடுகிற பண்டிதர்கள் மிகச் சிலரே. அச்சில் வந்தால் போதும் என்ற மனோபாவமும், கட்டுரைகளின் எண்ணிக்கையே பதவி உயர்வுக்குப் பிரமாணமாகிவிட்ட சர்வகலாசாலை வழக்கமும் சேர்ந்து, பல ஆண்டு உழைப்பின் பயனை ஒரு நிமிஷத்தில் அன்னியர் வசம் ஒப்புவிக்கச் செய்துவிடுகின்றன. ஒப்புவிப்பதோ, கட்டுரையைப் பிரதி எடுக்கவும், மொழிபெயர்க்கவும், தொகை நூலில் சேர்க்கவும் உள்ள உரிமை முழுவதையும். அதன்பின், தாம் எழுதியதைத் தம் மாணவர்களுக்கு வழங்குவதற்குக்கூடப் பத்திரம் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று பார்த்துத்தான் நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இதற்காக அவர் பெறும் சன்மானம் வழக்கமாகப் பூஜ்யம்.

லண்டனில் 1665-ல் ஹென்ரி ஓல்டன்பர்க் 'பிலசாபிகல் டிரான்ஸாக்ஷன்ஸ்' சஞ்சிகையைத் தொடங்கியபோது இத்தகைய பத்திரத்துக்கு அவசியமே இருக்கவில்லை; இங்கிலாந்தின் முதல் பதிப்புரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததே 1710-ல்தான். பத்திரம் வழக்கமான கதை விசித்திரமானது. அமெரிக்காவில் 1976-ல் இயற்றப்பட்டு 1978 ஜனவரியில் அமலான சட்டம், எழுதிய கணத்திலேயே உரிமை எழுதியவரைச் சேரும் என்றும், அவர் கையொப்பமிட்ட சாசனமின்றி அது பிறருக்கு மாறாது என்றும் விதித்தது. எழுதுபவரைக் காக்க வந்த இந்த ஷரத்தைக் கண்ட பிரசுரகர்த்தர்கள், அந்தச் சாசனத்தையே அச்சடித்து ஒவ்வொருவரிடமும் நீட்டத் தலைப்பட்டார்கள்!

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுச் சட்டமும் எழுத்து மூலமான சம்மதத்தையே கேட்கிறது. அதன் 19-ஆம் பிரிவு, எத்தனை காலத்துக்கு என்று பத்திரம் சொல்லாவிட்டால் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே உரிமை மாறியதாகக் கொள்ளச் சொல்கிறது. 'உரிமைக் காலம் முழுவதும்' என்று எழுதப் பத்திரங்கள் பெரும்பாலும் தவறுவதில்லையாதலால், இந்தக் கருணை ஏட்டோடு நின்றுவிடுகிறது.

ஹார்வர்டு சர்வகலாசாலையின் கலை, அறிவியல் புலத்து ஆசிரியர்கள், 2008 பிப்ரவரியில், தங்கள் கட்டுரைகளைப் பரப்பும் பிரத்தியேகமற்ற உரிமையைச் சர்வகலாசாலைக்கு முன்கூட்டியே அளித்துவிடுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். பின்னால் வரும் பிரசுரகர்த்தர் எதைக் கேட்டாலும் முன்பு கொடுத்தது கொடுத்ததுதான். வேண்டாதவர் விலக்குக் கேட்டுப் பெறலாம். தனி மனிதர் பேரம் பேசக் கூசும் இடத்தில் சபையே பேசிவிட்ட இந்த யுக்தியைவிட நேர்த்தியானதொன்று இவ்விஷயத்தில் என் கண்ணில் படவில்லை.

2002 டிசம்பரில் வெளியான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வேறொரு மார்க்கம். அவற்றால் ஆசிரியர் உரிமையைத் துறப்பதில்லை. தம்மிடமே வைத்துக்கொண்டு, இன்ன நிபந்தனையின்பேரில் எவரும் எடுத்தாளலாம் என்று உலகுக்கு அனுமதி தருகிறார். தந்ததைத் திரும்பப் பெற முடியாதென்பதால் யோசித்தே தர வேண்டும். பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பது அவற்றுள் மிகத் தாராளமானது. வியாபாரத்துக்கு ஆகாது, மாற்றலாகாது என்றெல்லாம் கட்டுப்பாடு சேர்ப்பதும் உண்டு. மாற்றலாகாது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏனெனில் மொழிபெயர்ப்பும் மாற்றமாகவே கொள்ளப்படும். கருத்து சிதையக் கூடாதென்ற நல்லெண்ணத்தில் அதைத் தேர்ந்தெடுக்கும் நெற்பயிர் ஆராய்ச்சியாளர், தஞ்சை விவசாயிக்காக ஒருவர் அக்கட்டுரையைத் தமிழாக்கி வெளியிட முற்பட்டால், தனி அனுமதி கேட்டுக் காத்திருக்கும்படி செய்துவிடுகிறார்.

திறந்த உரிமமும் தோஷமற்றதன்று. படிப்பவரிடம் வாங்கிய காசை எழுதுபவரிடம் வாங்கும் ஏற்பாடாகப் பல சஞ்சிகைகள் அதை மாற்றிவிட்டன. 'நேச்சர்' சஞ்சிகை 2021 முதல் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று விலை வைத்தது. இந்தியச் சம்பளத்தில் வாழ்பவர் அந்தத் தொகையைப் பற்றி நினைப்பதும் வீண். ஏற்கப்பட்ட கைப்பிரதியைத் தம் நிறுவனத்தின் மின் களஞ்சியத்தில் வைக்கும் உரிமையையாவது பத்திரத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது செலவில்லாத காரியம். பால் கின்ஸ்பார்க் 1991-ல் தொடங்கிய 'ஆர்க்கைவ்' களஞ்சியத்தில் பௌதிக சாஸ்திரிகள் அச்சுக்கு முன்பே பிரதியை வைத்துவிடுகிறார்கள்.

2024 நவம்பரில் மத்திய அரசு, 30 பிரசுரகர்த்தர்களின் ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகளை அரசு நிறுவனங்கள் படிப்பதற்காக, 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. கிரயம் எழுதிக் கொடுத்த வயலின் நெல்லையே விலைக்கு வாங்குவதுபோல, சர்க்கார் சம்பளத்தில் நம்மவர் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்த கட்டுரைகளும் அந்தச் சஞ்சிகைகளில் இருக்கின்றன; தனியார் கல்லூரி மாணவனுக்கோ திட்டத்தின் முதற்கட்டத்தில் இடமில்லை.