மூத்த பூனையும் புதிய குட்டியும்

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களைத் தொகுத்துக் கூறுமிடத்து, மூங்கா, வெருகு, எலி, அணில் என்னும் நான்கிற்குங் குட்டி என்ற பெயர் உரியதென்கின்றது. மூங்கா என்பது கீரி. வெருகு என்பது காட்டுப் பூனை. கம்பர் தமது அவையடக்கத்திலே பாற்கடலை நக்கப் புகுந்ததாகக் கூறும் பூனைக்கோ பூசை என்று பெயர். வெருகு இரவிலே தனித்துத் திரிவது. பூசை பாற்கலத்தை நாடி மனைக்குள் வருவது. பெயர் இரண்டாயினும், நம் அடுப்பங்கரையில் உறங்கும் பூனைக்குள் இவ்விரண்டும் உள்ளன. வீட்டிலே பூனையொன்று இருக்க, இரக்கத்தாலோ ஆசையாலோ இன்னொரு குட்டியைக் கொண்டுவருவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டியது பூசையை அன்று, வெருகையே.

வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழுங் காட்டுப் பூனை என்பது மரபணு ஆராய்ச்சியால் தெளிவாகியுள்ளது. சைப்பிரசுத் தீவில், மனிதப் புதைகுழியொன்றின் அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்த செய்தி 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்புதைகுழியின் காலம் இற்றைக்கு ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. இத்துணை நெடிய உறவு மனிதரோடு உண்டாகியும், பூனை தன் குலத்தாரோடு பழகும் முறையில் மூதாதையை முற்றாக மறக்கவில்லை. சிங்கம் பெருவிலங்கை வீழ்த்துவது. அதனாற் கூடி உண்ண முடிகின்றது. பூனைக்கு அகப்படுவதோ எலியும் ஓணானும். ஓர் எலியை இருவர் எங்ஙனம் பங்கிடுவது? தனித்து வேட்டையாடுவோனுக்குத் தன் வேட்டை நிலமே வாழ்வு. உணவு மிகுந்த இடங்களிலே பூனைகள் கூட்டமாக வாழ்வது உண்மையே. ஆயினும் அக்கூட்டத்திற் பெரும்பாலும் தாயும் மகளும் சகோதரிகளுமே உறுப்பினர். அவை ஒன்றன் குட்டிக்கு மற்றொன்று பாலூட்டுவதும் உண்டு. முன்பின் அறியாத ஒன்று அங்கே நுழைந்தால் அதற்கு வரவேற்பு வேறு விதமாயிருக்கும்.

உறவினரையும் அயலாரையும் பூனை பிரித்தறிவது எதனால்? முகத்தைப் பார்த்து அன்று, மணத்தினாலே. கன்னத்திலும் மோவாயிலும் நெற்றியிலும் வாலடியிலும் உள்ளங்காலிலும் அதற்கு மணச்சுரப்பிகள் உள. பூனை நம் காலிலே கன்னத்தை உரைஞ்சும்போது அன்பு காட்டுகின்றதென மகிழ்கின்றோம். அது பிழையன்று, எனினும் அவ்வேளையில் அது தன் முத்திரையையும் நம்மேற் பதித்துச் செல்கின்றது. கதிரைக்கால், கதவுநிலை, அரிசிச் சாக்கு, அம்மியடி என வீடு முழுவதும் இம்முத்திரைகள் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகின்றன. மேலண்ணத்திலே, மூக்கின் வேறாக, மணத்தைச் சுவைத்தறிதற்கென்றே ஓர் உறுப்பு அதற்குண்டு. வாயைச் சிறிது திறந்து முகஞ்சுளித்தாற்போல நிற்கும்போது அதனைக் கொண்டே ஆராய்கின்றது. பிரான்சிய விலங்கு வைத்தியர் பற்றிக் பகேயா இக்கன்ன மணப் பொருள்களை ஆராய்ந்ததன் பயனாக, அவற்றைப் போலச் செய்த மருந்து 1990களிலே கடைக்கும் வந்துவிட்டது. நாம் சுவருங் கூரையுங் கொண்டு வீடு கட்டுகின்றோம். பூனை தன் வீட்டை மணத்தாற் கட்டுகின்றது.

அந்த வீட்டின் நடுவே, ஒருநாள் மாலை, வேற்று மணம் வீசும் ஓர் உயிரைக் கடகத்திலிருந்து இறக்கி, “இதோ உனக்கொரு தம்பி” என்று மூத்ததன் மூக்கின் முன்னே நீட்டுகின்றோம். கண்ணாற் காண்பதை முதலிலும் மணத்தால் அறிவதை இறுதியிலும் வைக்கும் இம்முறை பூனையுலகிலே தலைகீழானது.

எமது தெருவில் ஒரு முதிய அம்மையார் வாழ்கின்றார். மக்கள் மூவருங் கடல்கடந்த நாடுகளில். கூடத்தில் அவரோடு இருப்பது பதினொரு வயதுடைய ஒரு பெட்டைப் பூனை. சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்த பேத்தி, சந்தையோரத்தில் எவரோ விட்டுச்சென்ற குட்டியொன்றை எடுத்துவந்து விறாந்தையில் விட்டாள். மூத்த பூனை ஒருமுறை சீறிற்று; பின் அடுத்த வீட்டுக் கூரைக்கு ஏறிவிட்டது. இரண்டு நாள் இறங்கவில்லை. வைத்த மீனையுந் தொடவில்லை. மூன்றாம் நாட் காலை அம்மையார் பேத்தியை அழைத்து, “இந்த வீட்டுக்கு அவள் மூத்தவள், பிள்ளை. அவளைக் கேளாமலே குட்டியை உள்ளே விட்டோம்” என்றார். “அம்மம்மா, குட்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விடட்டுமா?” என்று அழுதாள் பேத்தி. சந்தையில் நாய்களுக்கு நடுவே விடப்படும் ஒரு மாதக் குட்டி எத்தனை நாள் உயிர்வாழும் என்பதை இருவரும் அறிவர். இப்பக்கம் ஓர் உயிர், அப்பக்கம் ஓர் உயிர். அந்நிலையில் விலங்கு வைத்தியர் ஒருவர் கூறிய வழி இது.

குட்டி களஞ்சிய அறைக்குச் சென்றது. அதற்கெனத் தண்ணீர்க் கிண்ணம், உணவுத் தட்டு, மணல் பரப்பிய தாம்பாளம், ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டி ஆகியன அங்கே வைக்கப்பட்டன. வீடு முழுவதும் மீண்டும் மூத்ததன் ஆட்சிக்கு வந்தது. அன்றிரவே அது இறங்கி வந்து உண்டது. பின் ஒரு பழந்துணியாற் குட்டியின் கன்னத்தைத் துடைத்து, அதனை மூத்தது உண்ணும் இடத்திற்குச் சிறிது தள்ளி இட்டனர். மூத்ததன் துணி குட்டியிடஞ் சென்றது. முதல் நாள் அத்துணியைக் கண்டு உறுமிய பூனை, ஐந்தாறு நாளில் அதனருகே படுத்தது. அடுத்து, மூடிய கதவின் இருபுறத்திலும் இரண்டிற்கும் ஒரே வேளையில் உணவு. தட்டுகள் கதவிலிருந்து நான்கடி விலகித் தொடங்கி, நாளுக்குச் சிறிதாக நெருங்கின. அந்த மணம் வரும்போதெல்லாஞ் சூடைமீனும் வருகின்றது என்று மூத்ததன் உள்ளத்திற் பதிவதே இதன் நோக்கம். அதன்பின்னரே கதவிடுக்கில் வலையொன்றைக் கட்டி ஒன்றையொன்று காணவிட்டனர். ஒரே அறையில் இரண்டும் ஐந்து நிமிடம் இருந்தது நான்காம் வாரத்தில். பேத்தி அதற்கு முன்னரே விமானமேறிவிட்டாள். எஞ்சியதை அம்மையார் தனியே செய்து முடித்தார்.

இம்முறையில் எந்தப் படிக்கும் இத்தனை நாள் என்று விதியில்லை. சில வீடுகளில் ஒரு வாரம் போதும். சிலவற்றில் மாதங்கள் செல்லும். உறுமலோ உணவை வெறுத்தலோ கண்டால் ஒரு படி பின்வாங்குதல் வேண்டும். சீறுதலைக் கண்டு அஞ்சுவோர் பலர். சீறுதல், “அங்கேயே நில்” என்னும் எச்சரிக்கை மாத்திரமே. அதற்காக மூத்ததை அதட்டினால், குட்டி வந்ததால் வந்த தண்டனை என்றே அது கொள்ளும். உண்மையில் அஞ்சத்தக்கது ஓசையற்ற பகை. கண்ணிமையாது நோக்குதல், மணற்றட்டுக்குப் போகும் வழியிலே குறுக்கே படுத்தல், மற்றது உண்ண வரும்போது வாயிலில் நிற்றல் ஆகியன நம் கண்ணுக்கு அமைதியாகவே தோன்றும். வழிமறிக்கப்பட்டது வீட்டு மூலையில் அசுத்தஞ் செய்யும். பழியும் அதன் தலையிலேயே விழும். ஆகவே கிண்ணங்களை ஒரே வரிசையில் வையாது வெவ்வேறிடங்களில் வைத்தலும், பூனை இரண்டாயின் மணற்றட்டு மூன்றாக வைத்தலும் நன்று. மூத்தது ஏறியிருக்க அலுமாரி மேலோ யன்னற் கட்டிலோ ஓர் உயர்ந்த இடமும் வேண்டும். குட்டியின் துள்ளலை மனிதரே கயிற்றுத்துண்டால் ஆட்டித் தணித்த பின்னர் அதனை வெளியே விடுவது, மூட்டுவலியுடைய முதிய பூனைக்குச் செய்யும் பேருதவியாகும்.

தனியறை நோய்க்குங் காவலாகும். தெருவிலிருந்து வருங் குட்டி பன்லூக்கோபீனியா போன்ற கொடிய தொற்றுகளைக் கொணரக்கூடும். வைத்தியர் பார்த்து, தடுப்பூசி ஏற்றி, இரண்டு வாரமேனுங் கழியுமுன் ஒன்றன் கிண்ணத்தை மற்றொன்றுக்கு வைத்தல் ஆகாது. விசர்நோய்த் தடுப்பூசி இரண்டிற்குமே இன்றியமையாதது. மூத்தது, சிறப்பாகப் பருத்த உடலுடையது, இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலிற் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பூனையின் கோபந் தானே தணியுமென்று காத்திருப்போர் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும். நோயுற்று இறுதி நாட்களைக் கழிக்கும் பூனையுள்ள வீட்டிற்குக் குட்டி வேண்டியதேயில்லை என்பது என் கருத்து. அதன் துணைக்கென்று சொல்லிக் கொண்டுவருவோர் பெரும்பாலுந் தம் துணைக்கே கொண்டுவருகின்றனர்.

இவ்வளவுஞ் செய்தாலும் இரண்டும் ஒன்றையொன்று நக்கி ஒரே பாயில் உறங்குமென்ற உறுதி இல்லை. ஜேர்மானிய விலங்கியலாளர் பவுல் லைஹவுசன், பூனைகள் ஒரே பாதையை வெவ்வேறு வேளைகளிற் பயன்படுத்தி மோதலைத் தவிர்ப்பதை எழுதியுள்ளார். அம்மையாரின் விறாந்தையிலும் அவ்வாறே நடக்கின்றது. காலை வெயில் விழும் சாய்மனைக் கதிரை மூத்ததற்கு உரியது. பத்து மணியளவில் அது இறங்கிக் கிணற்றடி வாழைநிழலுக்குப் போகின்றது. சிறிது நேரங் கழித்து இளையது வந்து, கதிரையை நன்றாக முகர்ந்துவிட்டு, அதே குழியிற் சுருண்டுகொள்கின்றது.