இரு மரணங்கள்

1926ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் தேதியன்று, ஹார்வர்டு சர்வகலாசாலையின் தலைவராய் 40 ஆண்டுகள் விளங்கிய சார்லஸ் எலியட் காலமானார். மறுநாள் நியூயார்க்கில் ருடால்ப் வாலன்டினோ என்னும் ஊமைப்பட நடிகர் தமது 31ஆம் வயதில் இறந்தார். அமெரிக்கப் பத்திரிகைகளில் கல்வியாளரின் மரணம் நடிகரின் மரணத்துள் மறைந்தே போயிற்று.

இந்நடிகர் எல்லோராலும் போற்றப்பட்டவருமல்லர். அதற்கு முந்திய மாதந்தான், அமெரிக்க ஆடவர் பெண்தன்மையடைவதற்கு இவரே காரணமென்று சிகாகோ டிரிப்யூன் தலையங்கம் பழித்தது. பழித்த பத்திரிகையுலகமே பின்னர்ப் புலம்பிற்று. இதனை மனமாற்றமென்று நாம் கருதுவதற்கில்லை. நிந்தையும் புலம்பலும் ஒருங்கே விலைபோவனவன்றோ?

செய்தி கூட்டத்தைச் சேர்த்தது. கூட்டமே மறுநாட் செய்தியாயிற்று. உடல் வைக்கப்பட்டிருந்த மண்டபத்தின்முன் பதினாயிரக்கணக்கானோர் நெருக்கியதிற் கண்ணாடிச் சன்னல்கள் நொறுங்கின, பலர் காயமுற்றனர். அவ்வமளியும் அச்சேறிற்று. மெய் தீர்ந்தபின் பொய் கைகொடுத்தது. 1921இல் மறைந்த பாடகர் கரூசோவுடன் வாலன்டினோ மோட்சத்தில் நிற்பதாக, வெட்டி ஒட்டிய நிழற்படமொன்றை ஈவினிங் கிராபிக் என்னும் நாளிதழ் வெளியிட்டது.

ஆசிரியரை மட்டும் நோவதெங்ஙனம்? அவ்விதழையும் காசு கொடுத்து வாங்கினோர் இருந்தனர். நாம் அங்கிருந்திருப்பின், எலியட்டைப் பற்றிய பத்தியை விடுத்து அப்படத்தையே முதலிற் புரட்டியிருப்போமென அஞ்சுகிறோம்.