பரப்பை விற்கும் சந்தை

போடிநாயக்கனூரில் ஏலக்காயைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய்க்கு நல்ல விலை. பருமன் குறையக் குறைய விலையும் இறங்கும். இது இப்பகுதி மாணவர்கள் பலருக்கு வீட்டிலேயே தெரிந்த கணக்கு. இதற்கு நேர்மாறாக, பொருள் சிறுக்கச் சிறுக்க மதிப்பு ஏறும் சந்தையும் ஒன்று உண்டு. அதுதான் நானோ துகள்களின் சந்தை.

காரணம் புறப்பரப்பளவு. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர செ.மீ. அதை 1 மி.மீ. கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 60 சதுர செ.மீ. ஆகும். பக்கம் 10 மடங்கு குறைய, பரப்பு 10 மடங்கு கூடுகிறது. 1 நானோமீட்டர் வரை வெட்ட முடிந்தால் 6,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர்! பொருளின் அளவு மாறவில்லை. பரப்பு மட்டுமே பெருகியிருக்கிறது. பத்தாம் வகுப்பில் வேதிவினையின் வேகம் பற்றி நடத்தும்போது இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம்.

முதல் பயன் வினையூக்கி. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் கார்களின் புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி இருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் இதில் பயன்படுகின்றன. வினை நடப்பது உலோகத்தின் மேற்பரப்பில்தான். உள்ளே இருக்கும் அணுக்களுக்கு வேலையில்லை. எனவே உலோகத்தைச் சில நானோமீட்டர் துகள்களாக்கி, தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பின் மீது பரப்புகிறார்கள். இதனால் சில கிராம் உலோகமே ஒரு காருக்குப் போதுமானதாகிறது. நச்சான கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடாக மாறுகிறது. இந்தியாவில் 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது.

இரண்டாவது, பொருளுக்கு உறுதி தருவது. டயர் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டால், சாயம் என்பார்கள் மாணவர்கள். அது கார்பன் கருமை. நானோ அளவிலான இக்கரித்துகள்கள் ரப்பரோடு இறுகப் பிணைந்து, டயர் சீக்கிரம் தேயாமல் காக்கின்றன.

மூன்றாவது, ஆற்றல். மின்வாகனங்களில் பயன்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்தப் பொருள் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. துகளை நுண்ணியதாக்கிக் கார்பன் பூச்சுக் கொடுத்தால் அயனி கடக்க வேண்டிய தூரம் குறைகிறது. மின்கலம் வேகமாக இயங்குகிறது. இவ்வகைப் பொருள்களுக்கு அடித்தளமிட்ட ஆய்வில் ஜான் குட்இனஃப் அவர்களோடு பணியாற்றியவர் தமிழ்நாட்டில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆறுமுகம் மந்திரம். 2019இல் குட்இனஃப் சார்பில் வேதியியல் நோபல் உரையை நிகழ்த்தியவரும் அவரே.

இச்சந்தை எவ்வளவு பெரியது? உலகில் ஆண்டுக்குச் சுமார் 1.1 கோடி டன் நானோ பொருள்கள் விற்பனையாவதாகவும், அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 2,000 கோடி யூரோ என்றும் ஐரோப்பிய ஆணையம் 2012இல் மதிப்பிட்டது. அதில் மிகப் பெரும்பகுதி கார்பன் கருமையும் சிலிக்காவும்தான். நானோ என்றாலே எதிர்கால விந்தை என்று எண்ணும் மாணவருக்கு, அது பள்ளிப் பேருந்தின் சக்கரத்தில் இருப்பது தெரிய வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. வினைத்திறனைக் கூட்டும் அதே நுண்மை, தூளாகப் பறக்கும்போது நுரையீரலின் ஆழம் வரை செல்லும். நானோ பொருள்களைக் கையாளும் தொழிலாளர்களின் பாதுகாப்புக்கென உலக சுகாதார நிறுவனம் 2017இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நம்மிடம் படிக்கும் பிள்ளைகள் நாளை டயர், மின்கல ஆலைகளில் வேலைக்குச் செல்லக்கூடும். முகக்கவசமும் காற்றோட்டமும் முதலாளி தரும் சலுகையல்ல என்பதை அவர்கள் அறிந்து செல்ல வேண்டும்.

வகுப்பில் ஒரு செயல்பாடு: சம எடையுள்ள முட்டை ஓட்டை ஒரு குவளையில் துண்டாகவும், மற்றொன்றில் தூளாகவும் இடுங்கள். இரண்டிலும் சம அளவு வினிகர் ஊற்றுங்கள். எதில் நுரை வேகமாகப் பொங்குகிறது என்று மாணவர்களே சொல்லட்டும்.

பிறகு, கடையில் 'நானோ' என்று அச்சிட்ட பொருளைக் கண்டால் மூன்று கேள்விகள் கேட்கப் பழக்குவோம்: அதில் இருப்பது எந்தப் பொருள்? துகளின் அளவு என்ன? அந்தப் பரப்பு செய்யும் வேலை என்ன? மூன்றுக்கும் விடை கிடைக்காவிட்டால், நாம் பணம் கொடுப்பது பெயருக்கு மட்டுமே.