பெயர்ப்பட்டியலில் பெயர் இல்லாதபோது

வேலைக்கு விண்ணப்பித்து, நேர்முகப் பரீட்சைக்கும் போய்வந்த பிள்ளைக்கு "நீர் தெரிவு செய்யப்படவில்லை" என்று கடிதம் வருகிறது. பல வேளைகளில் அந்தக் கடிதம்கூட வருவதில்லை. பெயர்ப்பட்டியல் ஒட்டப்படும், அதில் பெயர் இராது. புத்தளக் கரையோரத்தில் இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இது ஒருவருடைய ஏமாற்றம் மட்டுமல்ல. வயலும் தோட்டமும் கைவிட்டுப் போன பின், வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்கு நின்று பிள்ளையைப் படிப்பித்த தாய் தகப்பனின் நம்பிக்கையும் அந்தப் பட்டியலில்தான் தங்கியிருந்தது.

அதற்குப் பிறகு என்ன செய்வது? மனம் உடைந்துபோகாமல் அடுத்த முயற்சிக்கு எப்படி எழுந்து நிற்பது? இதைப்பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

நமது பகுதியின் நிலைமை

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய மாவட்டங்களிலிருந்து வெளியேற நேர்ந்தது. அவர்களுள் பெரும்பாலானோர் கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு பகுதிகளில் வந்து தங்கினார்கள். நெல் விளைத்தவர்கள் மணற்றரைக்கு வந்தார்கள். சொந்தக் காணியில் வேலை செய்தவர்கள் பிறருடைய மிளகாய், வெங்காயத் தோட்டங்களிலும், உப்பளங்களிலும், இறால் பண்ணைகளிலும் கூலிக்கு நின்றார்கள்.

இந்தத் தொழில்களும் நிலையானவை அல்ல. உப்பளத்தில் வெயில் காலத்தில்தான் வேலை. 1996 இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது சிலாபம் முதல் புத்தளம் வரையிலான இறால் பண்ணைகள் பலத்த அடி வாங்கின. உள்ளூர் ஏழைகளும் இதே கூலி வேலைகளையே நம்பியிருந்தார்கள். ஆட்கள் பெருக, வேலை பற்றாமற் போயிற்று. இதனால்தான் மாதச் சம்பள வேலை ஒன்று கிடைத்தால் போதும் என்ற எண்ணம் வீடுதோறும் வளர்ந்தது.

அங்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பலருடைய பதிவு வடக்கில், சீவியம் புத்தளத்தில். "நிரந்தர வதிவிடம்" என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்பதே பெரிய கேள்வியாயிற்று. 2009 இல் யுத்தம் முடிந்த பின் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். வேறு பலர் இங்கேயே தங்கினார்கள். அங்கும் இங்குமாக வாழ்பவர்களும் உண்டு. ஆகவே பிள்ளைக்கு வேலை கிடைக்காமற் போனால், அதற்குப் பிள்ளையின் குறைபாடுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

முதலில் காரணத்தைத் தேடுங்கள்

மறுப்பு பொதுவாக மூன்று வகைப்படும். முதலாவது, தகைமை போதாமை. இரண்டாவது, தகைமை இருந்தும் இடங்கள் குறைவு. பத்து இடத்துக்கு நூறு பேர் வந்தால், தொண்ணூறு பேர் திரும்பத்தான் வேண்டும். மூன்றாவது, நியாயமற்ற காரணம். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எது என்று தெரியாமல் "எனக்கு அதிர்ஷ்டமில்லை" என்று இருந்துவிட்டால் மூன்றுக்கும் மருந்தில்லை.

அரச வேலையானால் கேட்டு அறிய வழி உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரசையும் அரச அலுவலகத்திடம் எழுத்தில் தகவல் கோரலாம். வெற்றிடங்கள் எத்தனை, புள்ளித் திட்டம் என்ன, எனக்குக் கிடைத்த புள்ளி எவ்வளவு என்று கேளுங்கள். தகவல் அலுவலரிடம் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். பரீட்சை தொடர்பான சில தகவல்களைத் தர மறுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனாலும் கேட்பதில் நட்டமில்லை.

இனம், மதம், மொழி, பிறந்த இடம் போன்ற காரணங்களால் பாகுபாடு காட்டக்கூடாது என்று அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை கூறுகிறது. அரச அலுவலகம் ஒன்று அப்படிச் செய்ததாக நீங்கள் கருதினால் காலம் தாழ்த்தாதீர்கள். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு கொடுப்பதற்கு ஒரு மாத காலமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

தகைமைதான் போதாதென்றால் அதையும் கூட்டிக்கொள்ளலாம். கொத்தன் வேலை, தச்சு வேலை, தையல், மோட்டார் திருத்தம் என்று கையால் பழகிய தொழில் பலரிடம் இருக்கிறது, பத்திரம்தான் இல்லை. முன்பு கற்ற திறமையைப் பரிசோதித்து, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையத்தில் இதுபற்றி விசாரியுங்கள்.

ஒரு கிராமம் கற்றுத் தந்த பாடம்

ஒஸ்திரியா நாட்டில் வியன்னா நகருக்கு அருகே மரியன்தால் என்று ஒரு கிராமம். அங்கிருந்த நெசவாலை 1929 - 1930 காலத்தில் மூடப்பட்டது. ஏறக்குறைய முழுக் கிராமமும் வேலை இழந்தது. மரி யஹோடா, போல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கு சென்று, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய்ந்து, 1933 இல் நூலாக வெளியிட்டார்கள்.

நேரம் நிறைய இருந்தபடியால் மக்கள் அதிகம் வாசித்திருப்பார்கள் என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. நூலகத்தில் இரவல் எடுத்த புத்தகங்கள் இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. ஆண்கள் வீதியில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். காலையில் என்ன செய்தோம் என்று சொல்லவே சிலருக்குத் தெரியவில்லை. வீட்டு வேலை இருந்த பெண்களின் நாள் அப்படிக் குலையவில்லை. வேலை என்பது சம்பளத்தை மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஓர் ஒழுங்கையும், பழக ஆட்களையும், மதிப்பையும் தருகிறது என்று யஹோடா பின்னர் எழுதினார்.

இன்னுமொன்றையும் அவர்கள் கண்டார்கள். மனம் உடையாமல் நின்ற குடும்பங்களின் மாத வருமானம் சராசரியாக ஆளுக்கு 34 சிலிங். எதிலும் அக்கறை அற்றுப்போன குடும்பங்களில் 19 சிலிங். ஊக்கம் என்பது மன உறுதியால் மட்டும் வருவதில்லை. அடுப்பெரிய ஏதாவது இருந்தால்தான் அதுவும் நிற்கும். "முயற்சி போதாது" என்று பிள்ளையை ஏசுமுன் இதை நினைத்துக்கொள்வோம்.

நாம் செய்யக்கூடியவை

நாளுக்கு ஓர் ஒழுங்கு வையுங்கள். வேலை தேடும் நாளிலும் விடிய எழும்பி, குளித்து, வெளியே போகும் உடுப்பை உடுத்துங்கள். காலையில் இரண்டு மணித்தியாலம் விண்ணப்பம், கடிதம், விசாரணை. மிகுதி நேரம் கைக்கு ஒரு வேலை.

சிறு வருமானத்தை விட்டுவிடாதீர்கள். வளவில் ஒரு பாத்தி கீரை, நாலு கோழி, பங்குக்கு எடுத்த ஒரு துண்டுத் தோட்டம் எல்லாம் வேலைதான். படித்தவன் மண்வெட்டி பிடித்தால் மரியாதை போய்விடும் என்ற பேச்சை நமது குடும்பங்கள் விட வேண்டும். தோட்டம் செய்பவர்கள் பசளையை அளவோடு போடுங்கள். கற்பிட்டி மணலில் மிகையாகப் போடும் பசளை கிணற்று நீரில் இறங்கி நைத்திரேற்றாகச் சேர்வது பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

தனியாகத் தேடாதீர்கள். 1975 இல் அமெரிக்காவில் நாதன் அஸ்ரின் என்பவரும் அவரது குழுவினரும், வேலை தேடுவோரை ஒரு சங்கமாகக் கூட்டிப் பார்த்தார்கள். ஒருவர் அறிந்த வெற்றிடத்தை மற்றவருக்குச் சொன்னார்கள். நேர்முகப் பரீட்சைக்குச் சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் சங்கத்தில் இருந்தவர்களுள் 90 சதவீதமானோருக்கு வேலை கிடைத்தது. தனியே தேடியவர்களுள் 55 சதவீதமானோருக்கே கிடைத்தது. நமது கிராமத்திலும் ஐந்தாறு பிள்ளைகள் கிழமைக்கு ஒருநாள் முன்பள்ளிக் கட்டிடத்தில் கூடினால் இதைச் செய்யலாம். இடம்பெயர்ந்தவர், உள்ளூரவர் என்று பிரிக்காமல் கூடுங்கள். வேலையில்லாத கஷ்டம் இருவருக்கும் ஒன்றே.

தரகரிடம் ஏமாறாதீர்கள். மனம் சோர்ந்த வேளையில்தான் "காசு தந்தால் வேலை" என்று ஆள் வருவார். இருக்கும் நகையையும் ஈடு வைத்துக் கொடுத்தால் குடும்பம் மீள்வது கடினம். வெளிநாட்டு வேலையென்றால் முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டறிந்த பின்பே கடவுச்சீட்டைக் கொடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பட்டியலில் பெயர் இல்லையென்று அறிந்த அன்று, "அவருடைய மகனுக்குக் கிடைத்ததே" என்று ஒப்பிட வேண்டாம். சாப்பாட்டைப் போட்டுக்கொடுத்து, பேச விரும்பினால் கேளுங்கள். இரண்டு நாள் கழித்து, "அடுத்த விண்ணப்பத்துக்கு எப்போது முடிவுத் திகதி?" என்று கேளுங்கள். மகளுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். ஒருமுறை கிடைக்கவில்லை என்றதும் மகளின் முயற்சியை நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது.

ஒரு போகம் அழிந்தால் விதை வெங்காயத்தையும் சேர்த்து விற்றுவிடுகிற விவசாயி இல்லை. அடுத்த போகத்துக்கென்று கொஞ்சம் கட்டித் தொங்கவிடுகிறான். பிள்ளையின் சான்றிதழ்களையும் அப்படியே ஓர் உறையில் ஒழுங்காக வையுங்கள். பிரதிகள் எடுத்து உறுதிப்படுத்தி வையுங்கள். அடுத்த வெற்றிடம் அறிவிக்கப்படும்போது ஓடித் திரியாமல் அன்றே விண்ணப்பிக்கலாம்.