லிண்ட்ஸே தொகுதியும் அதன் வாக்காளரும்

குடியரசு நாடுகளில் ஆளுங்கட்சி இதுவெனத் தீர்ப்போர் யாவர்? மக்கள் அனைவரும் என்பதே நேரிய விடையாம். ஆயினும், ஒரு கட்சியையே வழிவழியாகப் பற்றிநிற்கும் தொகுதிகளை நீக்கி நோக்குவோமாயின், நிலைமாறும் சில தொகுதிகளே ஆட்சியை மாற்றுகின்றன என்பது புலனாகும். அவ்வாறு பெயர் பெற்ற தொகுதிகளுள் ஒன்று ஆஸ்திரேலியாவிலுள்ள லிண்ட்ஸே. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

ஸிட்னி மாநகரின் நடுவிடத்திற்கு மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், நீலமலைகளின் அடிவாரத்தில், நெப்பியன் ஆற்றங்கரையில் பென்ரித் என்னும் ஊர் உளது. 1863-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அவ்வூரை எய்தியது. பிற்காலத்தே மாநகர் மேற்கு நோக்கிப் பெருகப் பெருக, பண்ணை நிலங்கள் வீட்டு மனைகளாயின. நகரின் நடுவே வீடு வாங்கும் பொருள்வலி இல்லாத இளங்குடும்பத்தினர் பலர் கடன்பட்டு இங்கே குடியேறினர். கொத்தரும், தச்சரும், சிறு வணிகரும், நாடோறும் நெடுந்தூரம் சென்று உழைத்து மீள்வோரும் இத்தொகுதி வாக்காளருள் மிகப் பலர். கடன்வட்டியும், சாலையும், புகைவண்டியும், மருத்துவமனையும் இவர்களுக்கு அன்றாடக் கவலைகளாம்.

1984-இல் ஆஸ்திரேலிய மக்களவையின் உறுப்பினர் தொகை 125-லிருந்து 148 ஆக உயர்த்தப்பெற்றபொழுது இத்தொகுதி தோன்றியது. ஓவியரும் எழுத்தாளருமாகிய நார்மன் லிண்ட்ஸேயின் (1879–1969) பெயரே இதற்கு இடப்பட்டது. முதல் உறுப்பினர் தொழிற்கட்சியைச் சார்ந்த ராஸ் ஃப்ரீ. அவர் பன்னீராண்டு அப்பதவியில் இருந்தார். உழைப்பாளர் மிக்க இவ்விடம் தொழிற்கட்சியின் அசையாக் கோட்டையெனவே கருதப்பட்டது.

அக்கோட்டை 1996 மார்ச்சுத் திங்களில் வீழ்ந்தது. லிபரல் கட்சி வேட்பாளர் ஜாக்கி கெல்லி வென்றார். ஜான் ஹோவர்டு பிரதமரானார். ஆனால், வேட்புமனு அளித்த காலத்தில் கெல்லி வான்படையில் ஊதியம் பெறும் பதவி வகித்தமையால், அத்தேர்தல் செல்லாதென உயர் நீதிமன்றம் தீர்த்தது. அவ்வாண்டு அக்டோபரில் நிகழ்ந்த இடைத்தேர்தலில் அவர் முன்னையினும் மிகுதியான வாக்குகளுடன் மீண்டும் வென்றார். மக்கள் முதன்முறை வாக்களித்தது தற்செயலன்று என்பது இதனால் விளங்கிற்று.

1984 முதல் 2013 வரை நிகழ்ந்த 11 பொதுத் தேர்தல்களிலும் லிண்ட்ஸேயில் வென்ற கட்சியே நாட்டின் ஆட்சியையும் எய்தியது. ஆதலின் நாட்டின் நாடியை இங்கே பிடித்துப் பார்க்கலாம் என்று அரசியல் அறிஞர் கூறலாயினர். இதன் காரணம் யாது? கூலி வேலை செய்வோரும், சொந்தத் தொழில் நடத்துவோரும் இங்கே கலந்து வாழ்ந்தனர். இரு கட்சிகட்கும் இடமிருந்தது. மேலும், அந்நாட்டில் 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாக்களித்தல் கட்டாயமாயிற்று. ஆகவே, தம்மவரை வாக்குச்சாவடிக்கு அழைத்து வருவதால் மட்டும் ஒரு கட்சி வென்றுவிட இயலாது. இருபாலும் சாராது நடுநிற்போரின் மனத்தையும் கவர்தல் வேண்டும்.

மதிப்பு மிக்க இடத்தில் தீய முயற்சியும் நுழையும். 2007-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குச் சின்னாட்களுக்கு முன், இல்லாத இஸ்லாமியச் சங்கமொன்றின் பெயரால், தொழிற்கட்சியைப் புகழ்வதுபோன்ற பொய்த் துண்டறிக்கைகள் செயின்ட் மேரிஸ் என்னும் பகுதியில் இரவிலே வீடுதோறும் இடப்பட்டன. ஒரு சமயத்தார்மீது ஏனையோர்க்கு அச்சமூட்டி வாக்கைத் திருப்புவதே அதன் நோக்கம். இடுவோர் லிபரல் கட்சியைச் சார்ந்தோரென்பது வெளிப்பட்டது. வழக்கும் நிகழ்ந்து சிலர் தண்டம் இறுத்தனர். அத்தேர்தலில் தொழிற்கட்சியின் டேவிட் பிராட்பரி வென்றார்.

2016-இல் அந்நெடுந்தொடர் அறுந்தது. அவ்வாண்டு தொழிற்கட்சி இத்தொகுதியை வென்றும் ஆட்சியை எய்தவில்லை. 2019-இல் லிபரல் கட்சியின் மெலிஸ்ஸா மெக்கின்டாஷ் வென்றார்; அவர் கட்சியும் ஆட்சியில் நீடித்தது. 2022-இலும் 2025-இலும் தொழிற்கட்சி நாட்டை வென்றபொழுதும் அவர் தம் இடத்தைக் காத்துக்கொண்டார். 2022-இல் ஸிட்னியின் செல்வர் வாழும் வென்ட்வர்த், வட ஸிட்னி முதலிய தொகுதிகளை லிபரல் கட்சி சுயேச்சையாளரிடம் இழந்தது. உழைப்பாளர் மிக்க லிண்ட்ஸேயோ அதன் கையில் நின்றது. செல்வர் ஒரு கட்சி, தொழிலாளர் மற்றொரு கட்சி என்னும் பழைய கணக்கு இதனால் பொய்த்தது.

நிமித்தம் சொல்லும் ஆற்றல் எந்நிலத்திற்கும் இல்லை; லிண்ட்ஸே மக்கள் தத்தம் குடும்ப நிலைகண்டு வாக்களித்தனர், அவ்வளவே. தங்கள் வாக்கை எக்கட்சியும் தன் பரம்பரை உடைமையெனக் கொள்ளுதற்கு அவர்கள் இடந்தரவில்லை. அதனாலேயே பிரதமர் பலரும் அவர்கள் வாயிலுக்கு வந்தனர். நம்மிற் பலர் முதல் வாக்கை அளிக்கும் பருவத்தில் நிற்கின்றோம். நம் வாக்கு, குலமும் குடும்பமும் முன்னரே குறித்து வைத்த வாக்காக இருத்தல் தகுமோ என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக.